ஐஸ் பெட்டியில் சிரித்த தலைவர்

எஸ்தர் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நிலைச்சட்டத்தின் இரண்டு பக்கமும் கைகளை ஊன்றியிருந்தார். ஈ, எறும்பு உள்ளே போக வேண்டுமானால்கூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

தெருவில் ஒரு குட்டி யானை வண்டி நின்றது. அதன்மேல் எங்கள் சங்கத்தின் ஐஸ் பெட்டி. இறந்தவர்களைக் கெடாமல் வைப்பதற்காக நாங்கள் இலவசமாகக் கொடுத்தனுப்பும் கண்ணாடி மூடி போட்ட பெட்டி. அதன் தலைமாட்டுப் பலகையில் எங்கள் முன்னாள் தலைவர் பாஸ்கரன் சார் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார், முழுக் கலரில். வண்டிக்குள் டிரைவருக்குப் பக்கத்தில் அதே பாஸ்கரன் சார் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொட்டி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது," என்றார் எஸ்தர் அக்கா.

உள்ளே கட்டிலில் அவருடைய கணவர் சாமுவேல் சார். விடியும்போது தூக்கத்திலேயே போய்விட்டார். ஒரே மகள் ஷீபா மஸ்கட்டில் நர்ஸ். அவள் ஆம்பூர் வந்து சேர மறுநாள் சாயங்காலம் ஆகும். மாதமோ மே. எங்கள் பக்கத்து மே மாதத்தைப் பற்றி நான் எழுதி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மகள் வந்து பார்க்கும்போது அப்பாவின் முகம் அப்பாவின் முகமாகவே இருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் கவலை அது ஒன்றுதான்.

வேலூருக்கு போன் போட்டோம். வாடகைப் பெட்டிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. வெயில் காலத்தில் அந்தத் தொழிலுக்கும் சீசன். ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் வைக்கலாமா என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

"வாழ்க்கை பூரா ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரு. திரும்பியும் அங்க அனுப்ப மாட்டேன்," என்று அக்கா அதையும் முடித்துவிட்டார்.

நான் பெட்டியைப் பார்த்தேன். பெட்டியிலிருந்த பாஸ்கரன் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என் கடையில் அச்சடித்தது.

என்னைச் சேர்த்த கதை

போன வாரம் இந்தத் தொடரில் என் பிளெக்ஸ் பேனர் கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "சேவைச் சங்கத்தில் பெண்களைச் சேர்க்கும் அளவுக்கு உங்கள் ஊர் முன்னேறியதா?" என்று கேட்டிருந்தார். முன்னேற்றமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பாலாறு சிட்டி சேவைச் சங்கத்தில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம் பிளெக்ஸ். உறுப்பினர் என்றால் பேனர் சகாய விலையில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். நானும் உறுப்பினர் ஆனால் ஊரிலுள்ள அத்தனை முதலாளிகளின் முகமும் என் மெஷினுக்குள் வரும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு கணக்கும் சரியாகவே வந்தன.

சங்கத்தின் பெயரில் பாலாறு இருக்கிறது. பாலாற்றில் தண்ணீர் இல்லை. சிட்டி இருக்கிறது, ஆம்பூர் இன்னும் நகராட்சி. "சேவைன்னு ஒண்ணு நடுவுல இருக்குதே, அது இருக்குதா?" என்று முதல் கூட்டத்திலேயே கேட்டவர் சாமுவேல் சார். சங்கத்தை ஆரம்பித்த இரண்டு பேரில் அவர் ஒருவர். இன்னொருவர் பாஸ்கரன் சார்.

இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து தோஸ்த். பாஸ்கரன் சார் ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனி வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, சென்ட், எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் போட்டோவின் நடுவில் வந்து நின்றுவிடும் கால்கள். சாமுவேல் சார் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். தினமும் காலையில் ரயிலில் காட்பாடி, அங்கிருந்து டவுன் பஸ். "எத்தினியோ பெரிய மனுஷங்கள உள்ள வரிக்கும் பார்த்துட்டேன். எல்லாருக்கும் அதே எலும்புதான்," என்பார். யாரையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சங்கத்தின் பேட்ஜைச் சட்டையில் குத்தாமல் வந்தால் தண்டனை. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாஸ்கரன் சார் ஒரு நாளும் பேட்ஜை மறந்ததில்லை. லுங்கி கட்டியிருந்தாலும் பனியனில் பேட்ஜ் இருக்கும். சாமுவேல் சார் ஒரு நாளும் கொண்டுவந்ததில்லை. அவருக்குப் பாட ஆசை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடியது போதாமல், வாரக் கூட்டத்திலும் கனத்த குரலில் ஒரு கீர்த்தனை பாடிவிட்டுத்தான் பிரியாணியில் கை வைப்பார்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து

ஒவ்வொரு வருஷமும் ஆடி பிறக்கும் முன்பே எங்களுக்குப் புதுத் தலைவர் வந்துவிடுவார். வருகிற தலைவர் ஒவ்வொருவரும் காலத்துக்கும் நிற்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டுப் போக வேண்டும். 'நிரந்தரத் திட்டம்' என்று அதற்குப் பெயர். நிரந்தரமாக நின்றது என்னவோ பெயர்தான்.

ஒரு தலைவர் கிராமத்துப் பக்கம் பஸ் நிழற்குடை கட்டினார். கிராமத்தின் பெயர் சின்ன எழுத்து; தலைவர் பெயர் பெரிய எழுத்து. கொஞ்ச நாளில் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தைத் தலைவர் பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்தார்கள். "சம்பத்குமார்லாம் எறங்கு, சம்பத்குமார்லாம் எறங்கு," என்று கத்துவார்கள். சம்பத்குமார் ஒரு தடவை அந்த பஸ்ஸில் போனார். கண்டக்டர் இறங்கு என்று கத்தியதும் பாவம், அவரும் இறங்கிவிட்டார்.

இன்னொரு தலைவர் நெமிலியில் கண் சிகிச்சை முகாம் போட்டார். ஆம்பூர் எங்கே, நெமிலி எங்கே என்று கேட்காதீர்கள். அவருடைய மாமனார் ஊர் நெமிலி. பேனரில் எங்கள் எல்லார் முகத்தையும் போட்டேன்; கண் படத்துக்கு இடமில்லை. அன்றைக்கு அங்கே நாற்று நடவு. ஜனங்கள் வயலில் இருந்தார்கள். வந்த நோயாளிகளைவிட உறுப்பினர்கள் ஜாஸ்தி. போட்டோவுக்காக நாங்களே வரிசையில் உட்கார்ந்து கண்ணைக் காட்டினோம். தலைவருக்கு இரண்டு கண்ணிலும் புரை இருப்பது அங்கேதான் தெரிந்தது. "முகாம் முழு வெற்றி. தலைவருக்கே கண்ணு தெறந்துச்சு," என்று சாமுவேல் சார் அந்த வார அறிக்கையில் எழுதச் சொன்னார்.

கிண்டல் செய்கிறேனே தவிர, வேலையே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என் வாய் வெந்துபோகும். ரத்தம் வேண்டும் என்று வேலூரிலிருந்து போன் வந்தால், சாப்பிட்ட கையைக் கழுவாமல் ஓடுகிறவர்கள் எங்கள் ஆட்கள். ஓடும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

மாப்பிள்ளையும் பிணமும்

பாஸ்கரன் சார் தலைவரான வருஷம் ஐஸ் பெட்டி வந்தது. முழுக்க அவர் கைக்காசு. நல்ல பெட்டி. கம்பெனிக்காரன் கொண்டுவந்து இறக்கிய அன்றே என் கடைக்கு வந்தார்.

"கலா, தலைமாட்டுப் பலகை காலியா கெடக்குது. என் போட்டோ ஒண்ணு ஒட்டிடு. கும்புட்ட மாதிரி இருக்குமே, அது. கீழ 'உங்களை அன்புடன் வரவேற்கும்'னு போட்டுடு."

"சார், சாவு வீட்டுக்குப் போற பொட்டி சார் இது."

"அங்கயும் நாலு பேரு வருவாங்க இல்ல?"

நானும் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் 'என்றும் உங்கள் சேவையில்' என்பதில் வந்து நின்றோம். சிரிப்பைக் குறைக்க மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. சிரிக்காத போட்டோ அவரிடம் ஒன்றுகூட இல்லை என்பதும் உண்மை.

அந்த வாரக் கூட்டத்துக்குக் 'கவர்னர்' வந்திருந்தார். பயப்பட வேண்டாம், எங்கள் சங்கங்களுக்கெல்லாம் மேலே இருப்பவரை அப்படிக் கூப்பிடுவோம். 'கவர்னரே வருக' என்று நான் அடித்த பேனரைப் பார்த்துவிட்டு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் பதறிக்கொண்டு வந்து விசாரித்துவிட்டுப் போனது தனிக்கதை.

பெட்டியின் மேலிருந்த பட்டுத் துணியைக் கவர்னர் விலக்கினார். கைதட்டல் நின்றதும் சாமுவேல் சார் எழுந்தார்.

"டேய் பாஸ்கரா, கல்யாண வீட்டுல மாப்பிள்ளையா இருக்கணும், சாவு வீட்டுல பொணமா இருக்கணும்னு சொல்லுவாங்க. நீ ரெண்டாவதுக்கும் வழி பண்ணிட்டியேடா."

கவர்னர் முதலில் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்கரன் சாரின் முகம் சிவந்துபோனது.

"குடுக்கறவன் மூஞ்சியப் பார்த்தாதான்டா இன்னும் நாலு பேரு குடுப்பான். உனுக்கு இன்னா தெரியும்? நீ ஒரு ஸ்பூன் வாங்கிக் குடுத்திருப்பியா இந்தச் சங்கத்துக்கு?"

சாமுவேல் சார் பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு, "இல்லதான். நீ படத்த எடு, நான் சும்மா இருக்கறேன். படம் இருக்கற வரிக்கும் அந்தப் பொட்டில நான் படுக்க மாட்டேன்," என்றார்.

"உன்ன யாரு படுக்கக் கூப்புட்டது?" என்றார் பாஸ்கரன் சார்.

அதற்குப் பிறகு சாமுவேல் சார் கூட்டத்துக்கு வரவில்லை. மூன்று வருஷம் இருக்கும். பஜாரில் எதிரெதிரே வந்தால் ஒருவர் வளையல் கடையைப் பார்ப்பார், இன்னொருவர் பழக்கடையைப் பார்ப்பார். வாரக் கூட்டத்தில் பாட ஆளில்லாமல் போனது. பிரியாணிக்கும் கத்தரிக்காய்க்கும் குறைவில்லை என்றாலும், சாப்பாட்டில் எனக்கு ஒரு கல் உப்பு கம்மியாகவே இருந்தது.

மாலை விழுந்த இடம்

சாமுவேல் சார் சொன்னது அப்படியே பலித்தது.

வெளியூரிலிருந்து துக்கத்துக்கு வருகிறவர்கள் பாதிப் பேருக்கு இறந்தவரின் முகம் சரியாக ஞாபகம் இருக்காது. பந்தலில் நுழைந்ததும் கண்ணில் படுவது பாஸ்கரன் சாரின் படம். நேராக அங்கே போய் மாலையைப் போட்டுவிடுவார்கள். ஒரு வீட்டில் இறந்தது தொண்ணூறு தாண்டிய அம்மாள். அங்கேயும் மாலை பாஸ்கரன் சாருக்கே. ஒரு பெண்மணி அவர் படத்தின் கன்னத்தைத் தடவி, "சிரிச்ச மொகமா இருந்தியே ராசா," என்று ஒப்பாரி வைத்தது எனக்கே தெரியும். அந்தத் துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன்.

ஒரு நாள் யாரோ ஒரு பையன், மாலையோடு இருந்த அந்தப் பலகையை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டான். மறுநாள் காலை பேனரின் மாதிரியைக் காட்டுவதற்காக நான் பாஸ்கரன் சார் வீட்டு கேட்டில் நின்றிருந்தேன். கலவை ஊர்ப் பக்கத்திலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். இறங்கும்போதே நெஞ்சில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். கேட்டைத் திறந்தவர் பாஸ்கரன் சார், வாயில் பிரஷ்ஷோடு. அவருடைய அத்தை அங்கேயே மயங்கி விழுந்தார். ஒரு பெரியவர் பாஸ்கரன் சாரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "வந்தது வந்துட்டோம். டிபன் எதனா இருக்குதா?" என்றார்.

அந்தக் கதை சாமுவேல் சார் காதுக்குப் போயிருக்கும் என்று பாஸ்கரன் சாருக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்குப் பிறகாவது படத்தை எடுத்திருக்கலாம். "இப்ப எடுத்தா அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்," என்று என்னிடம் சொன்னார். போட்டி இருவருக்கும்தான். ஆனால் அந்தப் படத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராய் அலைந்தது பெட்டி.

பிளேடு

அந்தப் பெட்டிதான் இப்போது சாமுவேல் சார் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது.

பாஸ்கரன் சார் வண்டியிலிருந்து இறங்கினார். மூன்று வருஷத்தில் அந்த வாசலில் அவர் கால் படுவது அன்றுதான். எஸ்தர் அக்கா கையை எடுக்கவில்லை.

"அண்ணா, உங்க மேல எனுக்குக் கோவம் இல்ல. அவரு ஒரு வார்த்த சொன்னாரு. படம் இருக்கற வரிக்கும் அதுல படுக்க மாட்டேன்னு. நான் அத மீற மாட்டேன்."

"சரிம்மா," என்றார் பாஸ்கரன் சார். "எங்க அம்மா செத்தப்ப எங்க அண்ணன் பம்பாயில இருந்தான். அப்ப பொட்டி ஏது? அவன் வர்றதுக்குள்ள எடுத்துட்டோம். அவன் சாகற வரிக்கும் அதயே சொல்லிட்டிருந்தான், அம்மா மொகத்த காட்டலியேடான்னு. சாமுவுக்குத் தெரியும், அன்னிக்கு அவன்தான் என் கூட இருந்தான். ஷீபாவுக்கு அந்த பேஜாரு வேணாம். பிளேடு எதனா இருந்தா குடு."

அவர் ஏன் பெட்டி வாங்கினார் என்று எங்கள் சங்கத்தில் அதுவரை ஒருவருக்கும் தெரியாது. விளம்பரத்துக்கு என்றே நினைத்திருந்தோம்.

அக்கா உள்ளே போய், சாமுவேல் சார் முகம் மழிக்கும் பிளேடைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பெட்டியை இறக்கித் தெருவில் வைத்தார்கள். பாஸ்கரன் சார் வெள்ளை வேட்டியோடு மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் படத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். 'என்றும் உங்கள் சேவையில்' முதலில் போனது. பிறகு கூப்பிய கைகள். அதற்குமேல் பிளேடு நகரவில்லை.

"இன்னா ஸ்டிக்கர் கலா இது? தோலுகூட இப்படி ஒட்டாது."

"மழ வெயில் தாங்கற சரக்குதான் வேணும்னு நீங்கதான சார் கேட்டீங்க?"

என் வாழ்க்கையில் நான் கொடுத்த முதல் தரமான சரக்கு அது. அன்றைக்குப் போய் தன் தரத்தைக் காட்டியது. கடையில் இருக்கும் சூடு மெஷினைக் கொண்டுவரலாம் என்றேன். கரண்ட் இல்லை. நல்லவேளையாக வெயில் இருந்தது. வெயிலில் பசை இளக இளக, அவர் தாடையை எடுத்தார். பல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். மீசையில் பாதி வந்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. துக்கத்துக்கு வந்தவர்கள் பந்தலை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றார்கள். சுற்றி நின்ற எங்கள் உறுப்பினர் ஒருவர் பழக்கதோஷத்தில் போனை எடுத்துப் போட்டோ பிடிக்கப் போனார். நான் முறைத்ததும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

உள்ளே கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த ஐஸ் பாளம் கரைந்து வாசல்வரை ஓடி வந்துவிட்டது. எஸ்தர் அக்கா அதை மிதித்துக்கொண்டு வெளியே வந்தார். பலகையைப் பார்த்தார். மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. மேலே இரண்டு கண்ணும் அகன்ற நெற்றியும் மட்டும் மிச்சமாக, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர் மாதிரி பாஸ்கரன் சார் விழித்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"போதும் விடுங்கண்ணா. இந்தக் கோலத்தப் பார்த்திருந்தா அவரே ஏறிப் படுத்துட்டிருப்பாரு. உள்ள கொண்டாங்க."

"அவன் சொன்ன வார்த்த?"

"சிரிக்கற படந்தான வேணான்னாரு. இது எங்க சிரிக்குது?"

கரண்ட்டும் வந்தது. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்து, சாமுவேல் சாரைத் தூக்கும்போது பாஸ்கரன் சார் தடுத்தார்.

"திருப்பிப் படுக்க வை. என் மூஞ்சி அவன் தலைமாட்டுல வேணாம். கால்மாட்டுல இருக்கட்டும்."

தலை இருக்க வேண்டிய பக்கம் மாறாமலிருக்கப் பெட்டியையும் திருப்பினோம்; ஒயர் எட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நீளமான ஒயர் கொண்டுவந்து இழுத்தோம். பெட்டி உறும ஆரம்பித்தது. கண்ணாடியில் மெல்லப் பனி படர்ந்தது. பாஸ்கரன் சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. யார் வந்து கேட்டாலும் அந்தப் பாதி முகத்துக்கு விளக்கம் சொல்லவும் இல்லை. மூக்குக்குமேல் மட்டும் மிஞ்சிய படத்துக்கு ஒருவரும் மாலை போடவில்லை.

ஷீபா

மறுநாள் வெயில் சாயும் நேரத்தில் ஷீபா வந்தாள். பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து கண்ணாடியைக் கட்டிக்கொண்டாள். பனியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். சாமுவேல் சார் காலை ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று தூங்குகிற மாதிரி இருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் அழுததை நான் எழுதப் போவதில்லை.

அழுது ஓய்ந்து, அப்பாவின் காலைப் பார்க்க அந்தப் பக்கம் வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள். பலகையில் இரண்டு கண்ணும் நெற்றியும். அதற்கு நேர் மேலே கண்ணாடிக்குள் சாமுவேல் சாரின் இரண்டு உள்ளங்கால்கள். பக்கத்தில் நாற்காலியில் நிஜமான பாஸ்கரன் சார், கசங்கிய வேட்டியோடு, விரல் நுனியெல்லாம் பிளேடு கீறிய காயத்தோடு.

அவள் படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது அவளுக்கு.

"பெரியப்பா, அப்பா உங்க தல மேல காலு வெச்சிருக்காரு."

பாஸ்கரன் சார் எழுந்து, கண்ணாடியின் மேல் அந்தக் கால்களுக்கு நேராகக் கையை வைத்தார்.

"வெச்சுக்கட்டும்மா. மூணு வருஷமா ஒரு வார்த்த பேசாம இருந்துட்டான். இதயாவது செஞ்சானே."